கூரையில் வைத்த கண்

லைட்டை இப்போதே போட வேண்டாம் ஐயா. இன்னும் வெளிச்சம் இருக்கிறது. ஏட்டையா எழுதுகிற எழுத்து எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. படிக்கத்தான் வராது, கோணலும் கோடும் தெரிகிறது. அது தெரிகிற மட்டும் லைட்டு வேண்டியதில்லை. நேரம் வந்ததும் நானே சொல்கிறேன்.

பெயர் கந்தப்பன். வயது சரியாகத் தெரியாது. மில்லில் ஒரு வயது எழுதி வைத்திருக்கிறார்கள். அது மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துச் சொன்ன வயது. சூலூர் போகிற ரோட்டில் இருக்கிற வேங்கடசாமி முதலாளியின் நூல் மில்லில் லைட்டுக்காரன். பைக்காரா அணையிலிருந்து கரண்ட் வந்து மில்லில் முதல் பல்பு எரிந்த நாளிலிருந்து லைட்டுக்காரன்.

போன வாரம் எங்கள் ஸ்பின்னிங் ஷெட்டில் பங்காரம்மா என்கிற பொம்பளை பெல்ட்டில் மாட்டிச் செத்துப்போனாள். பஞ்சுத் தூசியைக் கூட்டுகிறவள். அந்த நேரத்தில் ஷெட்டில் லைட்டு எரியவில்லை. லைட்டைத் தானாகப் போடுகிற மெசினைக் கொண்டுவந்து வைத்தவர் எலெக்ட்ரிக் இன்ஜினியர் பாலகோபால் என்பதால் அவரைப் பிடித்துப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். வரும்போது பார்த்தேன். காப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். குடிக்காமல் ஆடை படிய விட்டிருக்கிறார்.

அவருக்காக நான் வரவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மெசின் தப்புப் பண்ணிவிட்டது என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். மெசின் தப்புப் பண்ணவில்லை. அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

லைட்டுக்காரனுக்கு அப்படி என்ன வேலை என்று கேட்டீர்கள். எங்கள் ஷெட்டின் கூரையை நீங்கள் வெளியிலிருந்து பார்த்திருப்பீர்கள். ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கி இருக்கும். ஒவ்வொரு பல்லிலும் வடக்குப் பக்கம் கண்ணாடி. பகல் வெளிச்சம் அது வழியாகத்தான் உள்ளே இறங்கும். வெளிச்சம் குறைந்தால் அறுந்த இழை கண்ணுக்குத் தெரியாது, நூல் கெட்டுப்போகும். வெளிச்சம் இருக்கும்போது பல்பு எரிந்தால் முதலாளிக்கு வயிறு எரியும். இரண்டுக்கும் நடுவில் பார்த்துப் போட்டு, பார்த்து அணைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

ஷெட்டின் ஒரு கோடியில் படியேறினால் சின்ன அறை. ஷெட்டைப் பார்த்த மாதிரி ஒரு ஜன்னல். உள்ளே ஒரு ஸ்டூலும், சுவரில் வரிசைக்கு ஒரு கைப்பிடியும். கண்டவன் கையை வைக்கக் கூடாது என்று பூட்டுப் போட்டிருப்போம். சாவி என் அரைஞாணில் இருக்கும். மில்லில் நான் யாரையும் நம்பினதில்லை. நம்பாமல் இருந்ததால்தான் என் காலத்தில் ஒரு நாளும் லைட்டு தப்பாக எரிந்ததில்லை.

சாயங்காலம் முதல் கைப்பிடியை மேலே தள்ளுவேன். என் ஜன்னலுக்கு மேலே இருக்கிற விளக்கு முதலில் எரியும். அப்புறம் அடுத்தது, அடுத்தது என்று அந்தக் கோடி வரைக்கும் வெளிச்சம் நடந்து போகும். விளக்கு வைத்தால் கும்பிடுவது நம் சனங்களுக்கு எங்கே இருந்தாலும் விடாத பழக்கம். அது குத்துவிளக்கா, பல்பா என்று பார்ப்பதில்லை. ஷெட்டில் இருக்கிற அத்தனை பேரும் இழையை விட்டுவிட்டுக் கையைச் சேர்ப்பார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். முதல் விளக்கு என் தலைக்கு மேலே எரிவதால் அத்தனை முகமும் என் பக்கம் திரும்பும். மெசின் இரைச்சலில் பேச்சு கிடையாது. ஒரு வார்த்தை இல்லாமல் அத்தனை பேரும் என்னைப் பார்த்துக் கும்பிடுவார்கள். அப்புறம் திரும்பிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. அதற்கு மேல் ஒருத்தரிடமும் நான் ஒன்றும் கேட்டதில்லை.

எனக்குக் குடும்பம் இல்லை. இருந்தது. வள்ளியாத்தாள் என்று பெயர். மில் லைனில் எங்களுக்கு ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். நான் ஷிப்டுக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவேன். லைனில் பலதரப்பட்ட ஆள் நடமாட்டம், காவலுக்குத்தான். தனியாக இருக்கிற பொம்பளை விளக்கைத் தட்டிவிட்டால் தீப்பிடிக்கும் என்று அரிக்கேன் லைட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். திரும்பி வந்து கதவைத் திறந்து விளக்கைப் பற்றவைப்பேன். மூலையிலிருந்து எழுந்து வந்து கும்பிடுவாள். அது பார்க்க நன்றாக இருக்கும். ஒரு நாள் வந்து திறந்தால் ஆள் இல்லை. மேலே கூரை ஓட்டைப் பிரித்திருந்தது. சென்னிமலையில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள் என்றும், தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறாள் என்றும் அப்புறம் சொன்னார்கள். நான் போய்க் கூப்பிடவில்லை. ஓட்டை மட்டும் வேய்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு என் வீட்டில் விளக்கு வைத்தால் கும்பிட ஆள் இல்லை. நானே வைத்து நானே கும்பிடுவதில் என்ன இருக்கிறது. பல நாள் வைப்பதே இல்லை. இருட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வேன். மறுநாள் சாயங்காலம் ஷெட்டில் இருக்கிறது என்கிற நினைப்பு இருந்தால் ராத்திரி போய்விடும்.

மழை பொய்த்த வருஷம் சர்க்கார் கரண்டைக் குறைத்தார்கள் இல்லையா. அப்போதுதான் பாலகோபால் வந்தார். காலேஜில் படித்து, பம்பாயில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கெட்டவர் இல்லை. எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். கூரைக் கண்ணாடிக்குக் கீழே இரும்பு ஏணி வைத்து, ஒரு தகரப் பெட்டியை மாட்டினார். பெட்டியின் முகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அது வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்குமாம். வெளிச்சம் குறைந்தால் லைட்டைப் போடும். கூடினால் அணைக்கும்.

முதலாளியும் மேனேஜரும் கீழே நிற்க, அவர் ஏணி மேலே இருந்து அந்தக் கண்ணாடியைக் கையால் மூடினார். ஷெட் முழுக்க ஒரே நேரத்தில் எரிந்தது. கையை எடுத்தார். அணைந்தது. மூடினார், எரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் நின்றுகொண்டிருந்தேன்.

அங்கப்பன் என்று ஒரு ஸ்பின்னர். வாய்த்துடுக்கான ஆள். "ஏனுங்க லைட்டுக்காரரே, அதுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுங்களே. உங்களுக்குத்தான் இனி ஒரு கண்ணாடி வாங்கோணுமாட்ட இருக்குது" என்றான்.

"வாங்கிப்போட்டு உன் மூஞ்சியப் பாக்கச் சொல்றியா" என்றேன்.

"பாருங்க, பாருங்க. இனி உங்களுக்கு வேற சோலி என்ன இருக்குது."

சோலி இருந்தது. மேனேஜர் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. பஞ்சு மில்லில் தூசி எங்கே பார்த்தாலும் படியும். அந்தக் கண்ணாடியிலும் படியும். காலையில் ஏணியில் ஏறி அதைத் துடைக்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். என் அறையில் இருந்த கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு ஒன்றே ஒன்று வைத்தார் பாலகோபால். "பெரியவரே, இது கீழ இருந்தா கண்ணு பாத்துக்கும். கண்ணுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா மட்டும் நீங்க மேல தள்ளுங்க, நம்ம கையில வந்துரும். அதுக்குத்தான் உங்களை இங்க வெச்சிருக்கறது" என்றார். சாவி ஒன்று என்னிடம், ஒன்று அவரிடம்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்தக் கண் நல்ல கண். முதல் மாதம் முழுக்க நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அதன் தப்பைப் பிடிக்கப் பார்த்தேன். இப்போது போட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிற நேரத்தில் அது போட்டிருக்கும். சில நாள் எனக்குத் தோன்றுவதற்கு முன்னால் போட்டிருக்கும்; ஷெட்டைப் பார்த்தால் அதுதான் சரி என்று தெரியும். தப்பு இருந்திருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இருந்திருக்காது.

மேகம் போனாலும் எரியும், மேகம் விலகினால் அணையும். மழைக்காலத்தில் பகலெல்லாம் எரிவதும் அணைவதுமாக இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தரம்தான் கும்பிடுவார்கள். முதலில் உச்சிப் பொழுதில் எரிந்தால் கும்பிடுவதை விட்டார்கள். அப்புறம் சாயங்காலமும் விட்டுவிட்டார்கள். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிவதால் எந்தப் பக்கம் திரும்புவது என்றும் தெரியவில்லை. நான் ஜன்னலில் உட்கார்ந்து பார்ப்பேன். விளக்கு எரியும். ஒரு தலையும் நிமிராது.

ஒருத்தி மட்டும் விடவில்லை. அது பங்காரம்மா.

அவள் புருஷன் செத்து வெகு காலமாகிறது. வெள்ளைச் சேலை கட்டுவாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். என் படிக்கட்டுக்குக் கீழேதான் பெல்ட்டுகள் ஓடுகிற பக்கம். அங்கே மெசினுக்கடியில் கூட்டுவது அவள் வேலை. லைட்டு எரியும் ஒவ்வொரு தரமும், மத்தியானமானாலும் சரி, துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கும்பிடு போடுவாள். நேரே என் ஜன்னலுக்குக் கீழே நின்று. மற்றவர்கள் விட்டாலும் இவள் விடவில்லை, இவளுக்குத் தெரிகிறது என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைப்பதுகூட அதற்குப் பிறகு கொஞ்சம் மனசோடு செய்தேன். அவள் வராத நாளில் சோறு இறங்காது. அதை அவளிடம் சொன்னதில்லை. சொல்லுகிற விஷயம் இல்லை அது.

ஒரு நாள் குழாயடியில் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"ஏம்மா, எல்லாரும் உட்டுப்போட்டாங்க. நீ மட்டும் யாரைக் கும்புடறே?"

"யாரைக் கும்புடறதுங்க. லைட்டைத்தானுங்க."

"இப்ப அதை மெசினு போடுது. நான் போடறதில்ல."

"யாரு போட்டா என்னங்க. வெளிச்சம் வெளிச்சந்தானுங்களே." குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கும் நல்லதாப் போச்சுங்க. அந்த ரூமுக்குள்ள ஒண்டியா அடைஞ்சு கெடந்தீங்க. இனியாச்சும் வெளிய வந்து நாலு பேரோட பேசிப் பழகுங்க. சாப்டாச்சுங்களா?"

சாப்பிட்டாகிவிட்டது என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள். கோபப்பட அதில் ஒன்றும் இல்லை. நான் கோபப்படவும் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் லைட்டு எரிந்ததும் அவள் வழக்கம் போல் கும்பிட்டாள். அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். முகம் மேலே கூரையைப் பார்த்து இருந்தது. ஜன்னலைப் பார்த்து இல்லை. அதற்கு முன்னாலும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்தக் காலத்தில் எல்லோரும்கூட அப்படித்தானோ என்று ஒரு யோசனை வந்தது. அந்த யோசனையோடு ஒரு ராத்திரி இருந்து பாருங்கள் ஐயா, அது என்னவென்று தெரியும்.

முதலில் நான் செய்தது ரொம்பச் சின்னக் காரியம். கண்ணாடியைத் துடைக்காமல் விட்டேன். தூசி படிந்து, பட்டப்பகலில் லைட்டு எரிந்தது. மெசின் சரியில்லை என்று சொல்வார்கள் என்று பார்த்தேன். பாலகோபால் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். "பெரியவரே, இன்னைக்கு ஏற முடியலீங்களா? கால் வலிச்சா சொல்லுங்க, வேற ஆளை ஏத்திக்கலாம்" என்றார். திட்டவில்லை. சிரித்துக்கொண்டே போனார். வைதிருந்தால் நான் இருக்கிறேன் என்றாவது ஆகியிருக்கும்.

அதற்குப் பிறகு நிதானமாக யோசித்தேன். கண்ணை மூடினால் லைட்டு எரியும். அதில் ஒன்றும் நடக்காது. எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் இருக்க வேண்டும். இருட்டிப்போக வேண்டும். எல்லோரும் என் ஜன்னலைப் பார்க்க வேண்டும். அப்போது நான் கைப்பிடியைத் தள்ளினால் பழைய மாதிரி கை சேரும். இதில் யாருக்கு என்ன கெடுதல். மனுஷன் மறந்ததை ஞாபகப்படுத்துவது குற்றமா.

பெரிய கடை வீதியில் ஒரு டார்ச் லைட்டு வாங்கினேன். ஐப்பசி அடைமழை வந்தது. அன்றைக்குப் பாலகோபால் ஏதோ சாமான் ரயிலில் வருகிறது என்று போத்தனூர் ஸ்டேஷனுக்கு லாரியோடு போனார். நான் நாள் பார்த்துச் செய்யவில்லை, நாள் தானாக வந்தது என்று முதலில் சொல்லலாம் என்றிருந்தேன். அது சரியில்லை. அவர் எப்போது போவார் என்று வாட்ச்மேனிடம் முதல் நாளே கேட்டு வைத்திருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று மணி ஷிப்டு மாறுகிற சந்தடியில் துடைக்கிற துணியோடு ஏணியில் ஏறினேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. டார்ச்சை எரியவிட்டு அந்தக் கண்ணாடிக்கு முகத்தோடு முகமாக வைத்து, நூலால் ஏணிக் கம்பியில் கட்டினேன். ஒரு சொடுக்கில் பல்பெல்லாம் அணைந்தது. வெளியே மழை கொஞ்சம் விட்டிருந்ததால் வெளிச்சம் போதும் போல இருந்தது. யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. அந்தக் கண்ணுக்கு இனி நல்ல பகல். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. வெளிச்சம் இருக்கிறது என்று அதற்குத் தெரிந்தது, அதனால் லைட்டைப் போடவில்லை. அதனால்தான் மெசின் தப்புப் பண்ணவில்லை என்று சொன்னேன்.

இறங்கி வந்து என் அறையில் உட்கார்ந்து கதவை உள்ளே தாழிட்டேன்.

மறுபடியும் மேகம் கட்டியது. மெதுவாக மங்கியது. ஷெட்டுக்குள் இருட்டு எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியாது. முதலில் மெசினுக்கடியில் வரும். அப்புறம் முழங்கால். கடைசியில்தான் முகம். என் காலத்தில் கொஞ்சம் மங்கினாலே கூட்டுகிறவர்கள் துடைப்பத்தை வைத்துவிட்டு நின்றுவிடுவார்கள். பெல்ட்டுப் பக்கம் இருட்டில் கை வைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கண் வந்த பிறகு நிற்கிற பழக்கம் போய்விட்டது. இதோ வந்துவிடும் என்று வேலையை விடாமல் செய்வார்கள். ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை என்பதால் வந்த நம்பிக்கை. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அது அத்தனை நல்ல மெசின்.

பங்காரம்மாவும் கூட்டிக்கொண்டிருந்தாள். அவள் எங்கே இருப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். என் படிக்கட்டுக்குக் கீழே ஐயா. தினமும் அந்த நேரத்துக்கு, அவள் வீட்டுக்குப் போவதற்கு முன்னால், அந்த இடம்தான். ஆமாம், தெரியும். இருட்டில் அந்த வெள்ளைச் சேலை மட்டும் குனிந்து குனிந்து நகர்வது எனக்குத் தெரிந்தது. எல்லோரும் என் ஜன்னலைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா. மற்றவர்கள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். "லைட்டு, லைட்டு" என்று அங்கொருத்தர் இங்கொருத்தர் குரல் கொடுத்தார்கள். "லைட்டுக்காரரே, கண்ணு அவிஞ்சு போச்சாட்ட இருக்குது, தள்ளுங்க" என்று அங்கப்பன் கத்தினான். அப்போதே தள்ளியிருக்கலாம். கை கைப்பிடியில்தான் இருந்தது. ஆனால் அவள் பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளும் பார்க்கட்டும் என்று இருந்தேன்.

அப்போது அந்தச் சேலை சட்டென்று நின்றது. நின்று, ஒரு பக்கமாக இழுத்தது.

பெல்ட்டு முந்தானையைப் பிடித்தால் உடனே ஒன்றும் ஆகாது. சேலை நீளமான துணி. சக்கரத்தில் சுற்றச் சுற்ற ஆளை இழுக்கும். மெசின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டால் கொஞ்ச நேரம் தாங்கலாம். அவள் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு மெசினிலும் பெல்ட்டைத் தள்ளிவிட்டு நிறுத்துகிற தடி ஒன்று இருக்கும். அங்கப்பன் ரெண்டு மெசின் தள்ளித்தான் நின்றான். சத்தம் கேட்டு ஓடி வந்தான். எந்த மெசின், எங்கே தடி என்று தெரியாமல் இருட்டில் தடவிக்கொண்டிருந்தான். லைட்டு இருந்திருந்தால் எட்டிப் பிடிக்கிற தூரம். அதை நான் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு இருட்டாக இருந்தாலும் எனக்கு அந்த வெள்ளை தெரிந்தது.

அப்போது அவள் மெசின் இரைச்சலுக்கு மேலே கூப்பிட்டாள். தலையை நிமிர்த்தி, என் ஜன்னலைப் பார்த்து.

"கந்தப்பண்ணா, லைட்டுங்க" என்றாள்.

மில்லில் எல்லோருக்கும் நான் லைட்டுக்காரன். பாலகோபாலுக்குப் பெரியவர். மேனேஜருக்கு ஏப்பா. அவளுக்கு என் பெயர் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளோ, எப்போது கேட்டாளோ. அண்ணா என்று வேறு சொன்னாள். என்னைப் பெற்றவள் போன பிறகு என் பெயரை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்கிறீர்கள். என்னிடம் கடிகாரம் இல்லை. தள்ளுவதற்கு எனக்கு ஒரு தடையும் இல்லை. கைப்பிடி இறுகியிருந்தது, கை நடுங்கிவிட்டது என்றெல்லாம் நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள். அதெல்லாம் இல்லை. கை நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று நின்றேன். அவ்வளவுதான். இன்னொரு தரம் கூப்பிட்டிருந்தால் தள்ளியிருப்பேன்.

அவள் கூப்பிடவில்லை.

இனி அந்தக் குரல் வராது என்று தெரிந்த பிறகு தள்ளினேன். ஷெட் முழுக்க வெளிச்சம் வந்தது. ஒருத்தரும் கும்பிடவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் ஓடினார்கள். நான் கதவைத் திறந்து இறங்கி, ஏணியில் ஏறி, டார்ச்சை அவிழ்த்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். அப்போதும் என்னை யாரும் பார்க்கவில்லை. அந்த டார்ச் இதோ, இந்தப் பையில் இருக்கிறது. பேட்டரி தீர்ந்துபோய்விட்டது.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். கண் கெட்டுப்போய்விட்டது என்று எல்லோருமாக முடிவு கட்டினார்கள். பாலகோபால் மட்டும் அதைப் பிரித்து, மூடித் திறந்து பார்த்து, சரியாகத்தானே இருக்கிறது, சரியாகத்தானே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் நம்பவில்லை. முதலாளி அதைக் கழற்றி வீசச் சொன்னார். பழைய கைப்பிடிகளைத் தேடி எடுத்து மாட்டினார்கள். "கந்தப்பா, மனுஷன் கண்ணு மாதிரி வருமா. இனி நீயே பாத்துக்க" என்றார் மேனேஜர். அவருக்கும் இப்போது என் பெயர் தெரிந்திருந்தது.

நான் நினைத்தது நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முதல் நாள் சாயங்காலம் குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். நேரம் பார்த்து முதல் கைப்பிடியைத் தள்ளினேன். என் தலைக்கு மேலே எரிந்தது. அப்புறம் அடுத்தது, அடுத்தது.

கும்பிட்டார்கள் ஐயா. ஒருத்தர் பாக்கியில்லாமல் கும்பிட்டார்கள். ஆனால் அவள் விழுந்த இடத்தில், அந்தத் தூணுக்கடியில் யாரோ ஒரு அகல் விளக்கும் கொஞ்சம் பூவும் வைத்திருந்தார்கள். அங்கப்பன்தான் வைத்தானாம். லைட்டு எரிந்ததும் எல்லோரும் அந்தத் தூணைப் பார்த்துத் திரும்பிக் கும்பிட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகு. மறுநாளும் அப்படித்தான். இனி என்றைக்கும் அப்படித்தான் இருக்கும். லைட்டு நான் போடுகிறேன், கும்பிடு அவளுக்குப் போகிறது.

பாதி பேர் மெசின் கொன்றது என்கிறார்கள். பாதி பேர் அவள் விதி என்கிறார்கள். நான் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், என்னைப் பற்றி ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைப்பிடியைத் தள்ள ஏன் அத்தனை நேரம் என்றுகூட யாரும் கேட்கவில்லை, சந்தேகப்பட்டுத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அதனால் வந்தேன். இருட்டை நான்தான் கொண்டுவந்தேன். அவள் கூப்பிட்டும் நான்தான் வெளிச்சத்தைக் கொடுக்கவில்லை. கந்தப்பன் என்று பெயரைச் சரியாக எழுதச் சொல்லுங்கள். பாலகோபாலை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இதில் அவருக்கு ஒரு பங்கும் கிடையாது.

உங்களுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். மத்தியானத்திலிருந்து எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். என் எதிரில் இவ்வளவு நேரம் யாரும் உட்கார்ந்ததில்லை.

இப்போது பாருங்கள். ஏட்டையா காகிதத்துக்குப் பக்கத்தில் குனிகிறார். எழுத்து எனக்குத் தெரியவில்லை. நேரமாகிவிட்டது. ஸ்விட்ச் எனக்குப் பின்னால்தான் இருக்கிறது. நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், நான் போடுகிறேன்.

போட்டுவிட்டேன்.

ஏட்டையா பேனாவை வைத்துவிட்டுக் கும்பிட்டார், கவனித்தீர்களா. பல்பு அவருக்குப் பின்னால் இருக்கிறது. அவர் என் பக்கம் பார்த்துத்தான் கும்பிட்டார். என் தலைக்கு மேலே சுவரில் முருகன் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. உள்ளே வரும்போதே பார்த்தேன். இருந்தாலும் என் பக்கம்தான். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.